மூன்று பேரும் மறைக்கிறார்கள்: மேடையில் அதை எப்படிக் காட்டுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஊர். வைகாசித் திருவிழாவுக்கு 40 நிமிட நாடகம். அப்பா மாந்தோப்பை மூன்று வருடக் குத்தகைக்கு விட்டு, முன்பணத்தை வாங்கிச் செலவும் செய்துவிட்டார். வீட்டில் வாய் திறக்கவில்லை. மகளுக்குக் கிருஷ்ணகிரி மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். அவளும் சொல்லவில்லை. புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அம்மாவுக்கு இரண்டு ரகசியமும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கையில் இருப்பது திறந்தவெளி மேடை, இரண்டு மைக், நான்கு எல்இடி விளக்கு. "மூவர் மனசில் ஓடுவதையும் ஜனங்களுக்குத் தெரிய வைக்க வேண்டும். பதிவு செய்த குரலைப் போடலாமா, மனசாட்சி என்று தனி நடிகரை விடலாமா?"

மூவருக்கும் ஒரே உத்தி வேண்டாம். அப்பா மறைப்பது வெட்கத்தால், மகள் மறைப்பது ஆசையால், அம்மா மறைப்பது மற்ற இருவருக்காக. மறைக்கும் காரணம் வேறு என்பதால் வெளிப்படும் வழியும் வேறாகத்தான் இருக்கும். மூவரும் மாறி மாறி ஜனங்களைப் பார்த்துத் திரும்பி மனசைப் பேசினால் பத்தாவது நிமிடத்திலேயே அது அறிவிப்பு போல ஆகிவிடும். பேசும் மனசை மகளுக்கு மட்டும் கொடுங்கள். அப்பாவுக்கு ஒரு பொருள் போதும். அம்மாவுக்கு வேலை செய்யும் கை போதும்.

அதற்கு முன் எழுத்து வேலை ஒன்று இருக்கிறது. ஒரு முழுத்தாளை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் வாயால் சொல்வது, நடுவில் மனசில் ஓடுவது, மூன்றாவதில் கை, கால், கண் செய்வது. ஒவ்வொரு வசனத்துக்கும் மூன்றையும் நிரப்புங்கள். பிறகு நடுப்பத்தியைக் கையில் பென்சிலோடு படியுங்கள். முதல் பத்தியும் நடுப்பத்தியும் ஒன்றையே சொன்னால் அடித்துவிடுங்கள், அங்கே மறைப்பு எதுவும் இல்லை. மூன்றாம் பத்தி பார்த்தாலே நடுப்பத்தி புரிகிறது என்றால் அதையும் அடித்துவிடுங்கள். முதல் காட்சியிலேயே ஜனங்களுக்குத் தெரிந்துபோன விஷயத்தை மறுபடி சொல்லும் வரிகளும் போகட்டும். முப்பது வரி எழுதினால் ஏழெட்டு மிஞ்சும். 40 நிமிட நாடகத்துக்கு அதுவே தாராளம். பேசப்படும் மனசு மொத்தமாகக் கூட்டினால் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் எழுதி 1928-இல் நியூயார்க்கில் மேடையேறிய 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்' நாடகத்தில் பாத்திரங்கள் எல்லாரும் நினைப்பதை எல்லாம் வாய்விட்டே சொல்வார்கள்; ஒருவர் மனசு பேசும்போது மற்றவர்கள் அப்படியே உறைந்து நிற்பார்கள். ஒன்பது அங்கம், நடுவில் சாப்பாட்டுக்கு இடைவேளை. விடிய விடியக் கூத்துப் பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு நீளம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் எல்லா மனசும் திறந்து கிடந்தால் பார்ப்பவர் ஊகிக்க எதுவும் மிஞ்சாது. உங்கள் கதையில் சுவையே அந்த ஊகம்தான்.

மகளிடம் வருவோம். அவளுக்கு எழுதும் மனசு வரிகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து விழும்: "ஐயோ, எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததை அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்!" தனக்குத் தெரிந்ததை யாரும் தனக்கே விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அது கதாசிரியர் ஜனங்களுக்குச் சொல்லும் தகவல். இடம் கிடைத்தது, வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்ற தகவலை முதல் காட்சியில் தோழியுடன் போனில் பேசுகிற மாதிரி வெளிப்படையாகவே கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மனசு தகவல் சொல்ல வேண்டியதில்லை, தவித்தால் போதும்.

வந்திருக்கும் அம்மாள் கேட்கிறார்: "காப்பிக்குச் சக்கரை எத்தன போடுவ கண்ணு?" மகள், "ரெண்டு ஸ்பூனுங்க" என்கிறாள். உடனே மனசு: "ரெண்டு நாளு." அவ்வளவுதான். வாயிலிருந்து விழுந்த அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு மனசு வேறு பக்கம் ஓடுகிறது. ஏழு இடத்தில் குறைந்தது நான்கிலாவது இப்படி ஒரு சொல்லின் வாலைப் பிடித்துத் தாவட்டும். மனசு வரி ஆறேழு சொல்லுக்குள் முடியட்டும். முழு வாக்கியம் வேண்டாம், "ஐயோ", "கடவுளே" வேண்டாம், கேள்விக்குறிக்கு மேல் கேள்விக்குறி வேண்டாம். "அப்பா" என்று விளிக்கவும் வேண்டாம். விளித்தால் அது அப்பாவுக்குக் கேட்க வேண்டிய பேச்சாக மாறிவிடும்; மேடையில் நிற்கும் அப்பாவும் தெரியாமல் திரும்பிப் பார்த்துவிடுவார்.

இதை எங்கே நின்று சொல்வது? நம் பக்கத்து மேடைகளில் மைக் நடுவில் மேலிருந்து தொங்கும், பேசுபவர் அதன் கீழ் வந்து பேசுவார். அந்த ஒரே மைக்கில் வெளிப்பேச்சும் மனசும் வந்தால் நாற்பதடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். இரண்டு மைக் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒன்றை நடுவில் தொங்கவிடுங்கள், அது ஊருக்குப் பேசும் மைக். இன்னொன்றை ஸ்டாண்டில் மாட்டி மேடையின் முன்பக்க ஓரத்தில் வையுங்கள், அது மனசுக்கு. ஓர மைக்கிடம் போக மகளுக்கு ஒரு காரணம் வேண்டும். அங்கே ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டால் போதும். சொம்பில் மொள்ளப் போகிறாள், குனிந்து நிமிரும்போது ஒரு வரி. மூன்றடி நடைக்கு மேல் தூரம் இருக்கக் கூடாது, நடந்து போய்ச் சேர்வதற்குள் வசனத்தின் சூடு ஆறிவிடும்.

மைக்கிலிருந்து வாய் நான்கு விரல்கடை தூரம். குரலைத் தாழ்த்திப் பேசச் சொல்லுங்கள், மைக்காரரிடம் அந்த மைக்கின் ஒலியை மட்டும் கூட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் வைத்து மெதுவாகப் பேசும்போது மைக் அடிக்குரலைத் தூக்கிக் கொடுக்கும். காதோரம் பேசுகிற மாதிரி விழும். தொங்கும் மைக்கில் அதே வரியைக் கத்திச் சொன்னாலும் இந்த நெருக்கம் வராது. ஓர மைக்கின் ஒலி கூடுதலாக இருப்பதால் ஊளையிடும் ஆபத்து உண்டு. ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பெட்டிக்கு முன்னால் மைக் போய்விட்டால் எவ்வளவு திருகினாலும் ஊளை நிற்காது.

மகள் அந்த வரியைச் சொல்லும்போது மற்றவர்கள் என்ன செய்வது? உறைந்து நிற்கச் சொல்லாதீர்கள். இரண்டு விநாடிதான் என்றாலும் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், முன்வரிசையில் ஒருவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அவர்கள் தங்கள் சின்ன வேலையைத் தொடரட்டும்: வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவது, விசிறிக்கொள்வது. பேச்சு மட்டும் இல்லை. எங்காவது உறைவது தவிர்க்க முடியாது என்றால் இரண்டு காலிலும் பாரம் சமமாக விழும்படி நிற்கட்டும், கையில் தூக்கிய டம்ளர் இல்லாமல், பார்வை தரையில். தூக்கிய கை கொஞ்ச நேரத்தில் நடுங்கத் தொடங்கும்.

இந்த ஓர மைக் ஏற்பாட்டை முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை செய்துகாட்டிவிடுங்கள். முதல் தடவை மகள் தனியாக இருக்கும்போது, இரண்டாவது தடவை ஆள் நடுவில். அதற்குள் ஜனங்கள் பழகிவிடுவார்கள். குடத்துக்குப் பக்கத்தில் போனாலே காதைத் தீட்டிக்கொள்வார்கள். அப்படிப் பழக்கிய பிறகு கடைசியில் ஒருமுறை உடையுங்கள். ஏழாவது தடவை மகள் ஓர மைக்கிடம் போகிறாள், வாய் திறக்கிறாள், சொல்லவில்லை. திரும்பி நடு மைக்குக்கு வந்து, "அப்பா, வெள்ளிக்கிழம காலேஜுல பணம் கட்டணும்" என்கிறாள். இதை ஆறு தடவை ஒழுங்காகப் பழக்காமல் செய்தால் ஒன்றும் ஆகாது, மைக் மாறிப் பேசிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன், உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. சூளகிரி, ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசிக்கொண்டு வெளியே தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். நாடகக் குடும்பமும் அப்படி என்றால் மகளின் மனசு வீட்டு மொழியில் வரட்டும். வந்தவர்களிடம் தமிழில் "உங்க இஷ்டங்க" என்றவள், குடத்தடியில் தெலுங்கில் "நாகு வத்து" என்றோ, கன்னடத்தில் "நனகெ பேடா" என்றோ சொன்னால், எனக்கு வேண்டாம் என்பதைத் தமிழ் மட்டும் தெரிந்தவரும் அவள் முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்வார். மூன்று சொல்லுக்கு மேல் போகாதீர்கள். கதைக்கு அத்தியாவசியமான வரியை இப்படி வைக்காதீர்கள்.

இனி அப்பா. அவருக்கு ஒரு மஞ்சப்பை. முதல் காட்சியில் குத்தகைத் தாளை நான்காக மடித்து அதற்குள் போட்டுச் சுவரில் ஆணியில் மாட்டுகிறார். சட்டைப் பையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். சட்டைப் பை முன்வரிசைக்குத்தான் தெரியும். மஞ்சள் நிறம் கடைசி வரிசை வரை தெரியும். ஆணி, நடுவிலிருந்து சற்று விலகி, ஆள் தலைக்கு ஒரு சாண் மேலே, விளக்கு நேராக விழும் இடத்தில். அப்பா உட்காரும் நாற்காலி பைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

வந்தவர் கேட்கிறார்: "தோப்பு இந்த வருசம் நல்லா காய் புடிச்சிருக்காமே?" "ஆமாங்க, ஆத்தா புண்ணியம்" என்று சொல்கிற அப்பாவின் கண் ஒரு நொடி ஆணிக்குப் போய்த் திரும்புகிறது. தலை திரும்பக் கூடாது, கண்ணும் தாடையும் மட்டும். சொல்லி முடித்த பிறகு பார்த்தால் நடிப்பு. சொல்லும்போதே, 'ஆத்தா' என்ற சொல்லில் பார்த்தால்தான் சொல்வது பொய் என்று தெரியும். மூன்று தடவை போதும். மூன்றாவதில் அப்பா பார்க்கவே வேண்டாம். வந்தவர் தோளிலிருக்கும் துண்டை எடுத்து அதே ஆணியில் மாட்டப் போகட்டும். மேடையில் யாரும் எதுவும் பேசாமலேயே கூட்டம் முழுக்க அப்பாவைத் திரும்பிப் பார்க்கும். பை அறுந்து விழுந்து தாள் வெளியே வருவதாக மட்டும் வைத்துவிடாதீர்கள். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவுக்கு ஒரு வரி மனசு கூட வேண்டாம். எல்லாம் தெரிந்தவர் பேசிவிட்டால் நாடகம் அங்கேயே முடிந்துபோகும். அவருக்குத் தெரியும் என்பதை ஜனங்களுக்குச் சொல்ல ஒரே செயல் போதும்: விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்கும்போது ஆணியிலிருந்த மஞ்சப்பையை எடுக்கிறார், உள்ளே பார்க்காமல் தூசி தட்டி, அதே ஆணியில், தாள் இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி மாட்டுகிறார். பார்க்காமல் மாட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. ஏற்கெனவே பார்த்தவர்தான் பார்க்க மாட்டார்.

அதன் பிறகு காப்பி ஆற்றுவது. டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு முழ உயரத்தில் ஆற்றிக்கொண்டிருக்கிறார். அப்பா முதல் பொய்யைச் சொல்லும்போது உயரம் சட்டென்று ஒரு சாணாக இறங்குகிறது, ஊற்று நிற்கவில்லை. இரண்டாவது பொய்க்கு இறங்கவே இல்லை, அவர் எதிர்பார்த்ததுதான். தண்ணீரை ஊற்றினால் தூரத்திலிருந்து தெரியாது. கருப்பட்டிக் காப்பியோ நிறமேற்றிய தண்ணீரோ வேண்டும். சூடாக வேண்டாம். பால் வழிவது, டம்ளர் கைநழுவி விழுவது எல்லாம் ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. முடிவு வேறொரு இடத்தில் வரட்டும்: தட்டை மகள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டிய நேரத்தில் அம்மா தானே தட்டைத் தூக்கிக்கொண்டு போய் வந்தவர்களுக்குக் கொடுக்கிறார். பெண் பார்க்கும் சடங்கு தெரிந்த ஒரு கூட்டத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நீங்கள் கேட்ட இரண்டு உத்திகளையும் பார்த்துவிடுவோம். பதிவு செய்த குரல் சுலபம் என்று தோன்றும்; திறந்தவெளியில் அதுதான் அதிகம் காலை வாரும். கூட்டம் சிரித்தால் பதிவு காத்திருக்காது, வரி போய்விடும். நடிகையோ குரல் ஒலிக்கும்போது 'கேட்கிற முகம்' ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்பார். போட்டே தீர வேண்டும் என்றால் கவனிக்க வேண்டியவை: துணி தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பதிவு செய்யுங்கள், எதிரொலி குறையும். போன் வாய்க்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில். ஒவ்வொரு வரியும் தனித்தனிக் கோப்பு, 01, 02 என்று எண் போட்டு. ப்ளூடூத்தில் ஒலி பின்தங்கும்; வயர் போடுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட மறந்தால் மகளின் மனசு நடுவே யாரோ ஒருவரின் ரிங்டோன் ஊர் முழுக்க ஒலிக்கும். குரல் வரும் பெட்டி மேடைக்குப் பின்னால் தனியாக இருந்தால்தான் பேச்சிலிருந்து பிரிந்து கேட்கும்.

மனசாட்சியாகத் தனி நடிகர் என்பது நல்ல உத்திதான். அயர்லாந்தின் பிரையன் ஃப்ரீல் 'பிலடெல்பியா, ஹியர் ஐ கம்!' (1964) என்ற நாடகத்தில், அமெரிக்காவுக்குக் கிளம்பும் இளைஞனை வெளி ஆள், உள் ஆள் என்று இரு நடிகர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். உள் ஆள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான், வெளி ஆளும் அவனைப் பார்க்கமாட்டான். அந்த விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: உள் ஆள் உண்மைப் பொருள் எதையும் தொடக் கூடாது, நிற்பது இடது தோளுக்குப் பின்னால் ஒரு கை தூரம், இருவரும் மூச்சை ஒன்றாக இழுத்துப் பழக வேண்டும். ஆனால் நம் ஊரில் இரண்டு தொல்லை உண்டு. வெள்ளைப் புடவை, அவிழ்ந்த கூந்தல் என்று விட்டால் பேய் என்று பிள்ளைகள் அலறும். கண்ணாடியிலிருந்து மனசாட்சி இறங்கி வந்து அறிவுரை சொல்வது சினிமாவில் தேய்ந்துபோன விஷயம். வாய் திறக்குமுன் சிரிப்பு வந்துவிடும். அதே நிறச் சேலை, அதே பின்னல், ஒரு சின்ன வித்தியாசம் போதும். 40 நிமிடத்துக்கும் கைவசம் இருக்கும் ஆட்களுக்கும் இது தேவையா என்றால், தேவையில்லை என்பேன்.

தேடாமலே கையில் இருப்பது கூத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் திரௌபதை அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் உங்கள் ஜனங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவிடமும் பேசுவான், அடுத்த நொடி நம்மிடம் திரும்பி ராஜாவைக் கிண்டலும் செய்வான். யாருக்கும் குழப்பம் வராது. தரகர் பாத்திரம் இருந்தால் அவரைக் கட்டியங்காரன் தோரணையில் வைக்கலாம். பின்பாட்டும் அப்படித்தான். அப்பா "தோப்பு நம்மதுங்க" என்றதும் ஆர்மோனியக்காரரும் பின்பாட்டுக்காரரும் "நம்மதுங்க... நம்மதுங்க..." என்று தாளமில்லாமல் விருத்தம் மாதிரி இழுத்தால் அப்பா மனசு வெளியே வந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் வையுங்கள். இரண்டாவது தடவை நகைச்சுவை ஆகிவிடும். சமஸ்கிருத நாடகத்திலும் இதற்கெல்லாம் வகை பிரித்திருக்கிறார்கள்: தனக்குள் பேசுவது ஸ்வகதம், மோதிர விரலை மட்டும் மடக்கிய கையை மறைப்பாகப் பிடித்து, மற்றவர் காதில் விழாமல் ஒருவரிடம் மட்டும் பேசுவது ஜனாந்திகம். ஆக, ஒரு கை அசைவை 'இது அவர்களுக்குக் கேட்காது' என்று ஜனங்கள் ஒப்புக்கொள்வது மிகப் பழைய பழக்கம். உங்கள் குடமும் ஓர மைக்கும் அதே ஒப்பந்தம்தான்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனசு பேசும்போதெல்லாம் நீலம், சிவப்பு என்று மாற்றாதீர்கள். ஓர மைக்குக்கு ஒரு எல்இடியை நிரந்தரமாகத் திருப்பி வைத்துவிடுங்கள், அணைக்கவும் ஏற்றவும் வேண்டாம். கோயில் வளாகத்தில் மெட்டல் ஹாலைடு ஃபிளட்லைட் இருந்தால் நாடகத்துக்காக அதை அணைத்து எரிய விடும் எண்ணமே வேண்டாம். சூடாக இருக்கும்போது அணைத்தால் மறுபடி எரியப் பல நிமிடம் பிடிக்கும்.

ஒத்திகையில் முதல் நாள் மனசு வரிகளே இல்லாமல் முழு நாடகத்தையும் ஓட்டுங்கள். அடுத்த நாள் மூவரும் நடுப்பத்தியை முழுக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடிக்கட்டும், அடித்த வரிகள் உட்பட. நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை. மூன்றாம் நாள் மகள் ஏழு தடவை குடத்தடிக்குப் போவதைத் தவிர எல்லாவற்றையும் மறுபடி வாய்க்குள் தள்ளுங்கள். முந்தின நாள் சத்தமாகச் சொன்னது அப்பாவின் கண்ணிலும் அம்மாவின் கையிலும் இறங்கியிருக்கும். பிறகு கதை தெரியாத ஒருவரை நாற்பதடி தள்ளி உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள்: பையில் என்ன இருக்கிறது, வெள்ளிக்கிழமை என்ன, அம்மாவுக்கு எது தெரியும்? மூன்றாவதுக்கு "ரெண்டும் தெரியும்போல" என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. முதலாவதுக்கே தடுமாறினால் கோளாறு உத்தியில் இல்லை. முதல் காட்சியில் தாளை மடித்துப் பையில் போடும் வேகத்தைக் குறையுங்கள்.

திருவிழா இரவில் ஓர மைக் செத்துப்போகலாம், அதற்கும் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். மகள் மனசு வரியைக் கத்தக் கூடாது. குடத்தடியில் நின்று ஜனங்களைப் பார்த்து விரல்விட்டு நாளை எண்ணட்டும்: புதன், வியாழன், வெள்ளி. உதடு மட்டும் அசைந்தால் போதும். கடைசியில் அவள் நடு மைக்குக்குப் போகும் இடத்தை மாற்ற வேண்டியதில்லை. நடு மைக்கும் போய்விட்டால், மேடை விளிம்புக்கு வந்து அந்த ஒரு வரியை மட்டும் முழுக் குரலில் சொல்லட்டும்.